கணக்கில் ஏறாத சோதனை

ஒரு மருத்துவச் சோதனையின் வரலாறு என்றால், யார் கண்டுபிடித்தார், எந்த ஆண்டு, எந்தக் கருவி என்று ஆய்வுக்கூடத்திலிருந்து தொடங்குவதுதான் வழக்கம். அந்தச் சோதனை எந்த ஊர்வரை வந்தது, ஏன் அதைத் தாண்டி வரவில்லை என்ற கேள்விக்கு அங்கே விடை கிடைக்காது. அதற்குக் கணக்குப் பேரேட்டைப் புரட்ட வேண்டும். செலவை யார் ஏற்றார், எந்தத் தலைப்பில் எழுதினார், யாரிடம் வசூலித்தார் என்பவையே ஒரு சோதனை எட்டும் தூரத்தைத் தீர்மானிக்கின்றன. நோயாளியின் ரத்தத்தில் ஆன்டிபயாடிக் எந்த அளவில் இருக்கிறது என்று அளக்கும் சோதனையின் கதை இதற்கு நல்ல சான்று. மருந்தின் அளவை ரத்தத்தில் பார்ப்பது தமிழ்நாட்டுக்குப் புதிய வேலை இல்லை. 1950களின் கடைசியிலேயே சென்னையில் உலகமே கவனிக்கும்படி நடந்திருக்கிறது. அறுபது ஆண்டுகளுக்கு மேல் ஆகியும், திருத்தணி மலைக்கோயிலைத் தாண்டி ஆந்திர எல்லையோரம் இருக்கும் பள்ளிப்பட்டு போன்ற தாலுகா ஊர்களின் வழக்கமான சோதனைப் பட்டியலில் அதற்கு இடமில்லை. கருவியின் விலை, ஆள் பற்றாக்குறை, தூரம் என்று காரணங்களை அடுக்கலாம். அவற்றுக்கெல்லாம் அடியில் இருக்கும் காரணம் வேறு: இந்தச் சோதனைக்கான செலவை எழுதிக்கொள்ள நம் மருத்துவக் கணக்கில் நிலையான பத்தி எதுவும் எந்தக் காலத்திலும் ஒதுக்கப்படவில்லை.

சோதனை என்னவென்று முதலில் பார்த்துவிடலாம். பெரும்பாலான ஆன்டிபயாடிக்குகளுக்கு இது வேண்டியதில்லை. அமாக்சிசிலின் கொஞ்சம் கூடிப்போனாலும் உடம்பு தாங்கிக்கொள்ளும். ஸ்ட்ரெப்டோமைசின், ஜென்டாமைசின், அமிக்காசின், வான்கோமைசின் ஆகியவை வேறு ரகம். கிருமியைக் கொல்லும் அளவுக்கும் சிறுநீரகத்தையோ காதையோ கெடுக்கும் அளவுக்கும் நடுவே இவற்றில் இடைவெளி குறைவு. இவற்றை வெளியேற்றும் வேலை சிறுநீரகத்தினுடையது. அது தளர்ந்துபோன முதியவரிடமும், ரத்தத்தில் கிருமி பரவிக் கிடக்கும் நோயாளியிடமும், பச்சிளங்குழந்தையிடமும் ஒரே டோஸ் வெவ்வேறு அளவில் தேங்கும். அதனால் அடுத்த டோஸ் ஏற்றுவதற்குச் சற்று முன் ரத்தம் எடுத்து, மிச்சம் எவ்வளவு இருக்கிறது என்று பார்க்கிறார்கள். வான்கோமைசினுக்கு இது வழக்கமாக நான்காவது டோஸை ஒட்டி நடக்கும். மருந்து ஏற்றிய நேரமும் ரத்தம் எடுத்த நேரமும் சீட்டில் எழுதப்படவில்லை என்றால், மெஷின் எவ்வளவு துல்லியமாக அளந்தாலும் வரும் எண்ணுக்குப் பொருள் கிடையாது. மருந்து ஏறிக்கொண்டிருக்கும் அதே குழாயிலிருந்து ரத்தம் எடுத்துவிட்டால் அளவு பொய்யாக எகிறும். எல்லாம் சரியாக நடந்து, ரிப்போர்ட் மட்டும் இரண்டு நாள் கழித்து வந்தால், அதற்குள் நான்கு டோஸ் உள்ளே போயிருக்கும். சோதனைக்குக் கொடுக்கும் காசில் பாதி இந்த நேரத்துக்கான விலைதான். பின்னால் வரப்போகும் கணக்குச் சிக்கல்கள் எல்லாம் இங்கிருந்துதான் கிளைக்கின்றன.

இந்த மருந்துகளில் மூத்தது ஸ்ட்ரெப்டோமைசின். அமெரிக்காவின் ரட்கர்ஸ் பல்கலைக்கழகத்தில் செல்மன் வாக்ஸ்மனின் ஆய்வுக்கூடத்தில் 1943-இல் ஆல்பர்ட் ஷாட்ஸ் அதைப் பிரித்தெடுத்தார். காசநோயை மருந்தால் அடக்கலாம் என்ற நம்பிக்கை அதிலிருந்துதான் பிறந்தது. அந்தக் காலத்தில் பள்ளிப்பட்டு சித்தூர் மாவட்டத்தைச் சேர்ந்தது. அதே மாவட்டத்தின் மறுகோடியில், மதனப்பள்ளிக்குப் பக்கத்தில், மிஷனரிகள் கூடி 1915-இல் நிறுவிய ஆரோக்கியவரம் சானடோரியம் இருந்தது. சென்னைக்கு அருகே தாம்பரத்தில் டாக்டர் டேவிட் சௌரி முத்து 1928-இல் தொடங்கிய சானடோரியத்தை 1937-இல் அரசு ஏற்றுக்கொண்டிருந்தது. சானடோரியக் காலத்தில் சிகிச்சைச் செலவு என்பது படுக்கைச் செலவு. எத்தனை மாதம் படுத்திருந்தார், என்ன சாப்பிட்டார் என்பதே கணக்கு. நாட்டின் சுகாதார நிலையை ஆராய்ந்து 1946-இல் வெளிவந்த போர் (Bhore) குழு அறிக்கை, நாட்டில் சுமார் 25 லட்சம் காசநோயாளிகள் இருப்பதாகவும் அவர்களுக்குச் சுமார் 6,000 படுக்கைகளே இருப்பதாகவும் மதிப்பிட்டது. பணம் கொடுக்க முடியாத காரணத்தால் ஒருவருக்கும் மருத்துவம் மறுக்கப்படக் கூடாது என்ற கொள்கையை முன்வைத்ததும் அதே அறிக்கைதான். அந்தக் கொள்கையும் அந்தப் படுக்கைக் கணக்கும் ஒரே வீட்டில் குடியிருக்க முடியாது. நோயாளிக்குப் படுக்கை இல்லாமலே சிகிச்சை தர முடியுமா என்ற கேள்வி அதிலிருந்து தானாகவே எழுந்தது.

அந்தக் கேள்விக்கு விடை தேடத்தான் 1956-இல் சென்னை சேத்துப்பட்டில் காசநோய் மருந்துச் சிகிச்சை மையம் தொடங்கப்பட்டது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், மாநில அரசு, உலக சுகாதார நிறுவனம், பிரிட்டனின் மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் ஆகிய நான்கும் சேர்ந்து நடத்திய முயற்சி அது. இன்று தேசியக் காசநோய் ஆராய்ச்சி நிறுவனம் என்ற பெயரில் அதே இடத்தில் இருக்கிறது. வாலஸ் ஃபாக்ஸ் தலைமையில் அங்கே நடந்த ஆய்வு, நெருக்கடியான வீடுகளில் வாழும் ஏழை நோயாளிகளைச் சானடோரியத்தில் வைத்தாலும் வீட்டிலேயே வைத்து மாத்திரை கொடுத்தாலும் பலன் கிட்டத்தட்ட ஒன்றுதான் என்று 1959-இல் உலகுக்குச் சொன்னது. படுக்கையும் சத்தான சாப்பாடும் இல்லாமல் காசநோய் தீராது என்ற நூறாண்டு நம்பிக்கை அத்தோடு ஆட்டம் கண்டது. ஆனால் வீட்டில் இருப்பவர் மாத்திரையை ஒழுங்காக விழுங்குகிறாரா என்று எப்படித் தெரியும்? அதற்காக முன்னறிவிப்பு இல்லாமல் வீட்டுக்குப் போய் மாத்திரையை எண்ணினார்கள், சிறுநீர் வாங்கி மருந்தின் தடயம் இருக்கிறதா என்று சோதித்தார்கள். விழுங்கிய மருந்து ரத்தத்தில் எந்த அளவுக்கு ஏறுகிறது, எவ்வளவு நேரம் தங்குகிறது என்று பார்ப்பது அதற்கு அடுத்த படி. பி. ஆர். ஜே. கங்காதரமும் உடனிருந்தவர்களும் தென்னிந்திய நோயாளிகளின் ரத்தத்தில் ஐசோனயசிட் என்ற காசநோய் மருந்தின் அளவை ஆராய்ந்து எழுதிய கட்டுரைகள் 1961-இல் உலக சுகாதார நிறுவனத்தின் இதழில் வெளிவந்தன.

அந்தக் காலத்தில் மருந்தை அளக்க மெஷின் இல்லை, கிருமியே அளவுகோல். டெனிஸ் மிட்சிசனும் ஸ்பைசரும் 1949-இல் ஸ்ட்ரெப்டோமைசினுக்காக ஒரு முறையை வகுத்திருந்தார்கள். மெல்லிய கண்ணாடிக் குழாயில் கிருமி கலந்த அகர் கூழை ஊற்றி உறைய விடுவார்கள். அதன் மேல் நோயாளியின் சீரத்தைச் சில துளிகள் விட்டால், அதிலுள்ள மருந்து மெல்லக் கீழே இறங்கும். மருந்து எட்டிய ஆழம் வரை கிருமி வளராமல் கூழ் தெளிவாக நிற்கும், அதற்குக் கீழே கலங்கிப் போகும். அந்தத் தெளிவான பகுதியின் நீளத்தை அளந்து, அளவு தெரிந்த மருந்து விட்ட குழாய்களோடு ஒப்பிட்டால் ரத்தத்தில் எவ்வளவு இருந்தது என்று சொல்லிவிடலாம். செலவு அதிகமில்லை, பொறுமைதான் வேண்டும். கிருமி வளரும் வேகம்தான் சோதனையின் வேகம். காசநோய்க் கிருமியோ வளர்வதில் படு சோம்பேறி. குழாயைப் படித்து விடை சொல்லும் நேரத்தில், ரத்தம் கொடுத்தவர் எத்தனையோ டோஸ் விழுங்கி முடித்திருப்பார்.

இதனால் ஒரு விசித்திரமான நிலை உண்டானது. ரத்தம் கொடுத்த நோயாளிக்கு அந்த எண்ணால் உடனடிப் பயன் எதுவும் இல்லை, பயன் அடுத்து வரப்போகிறவருக்கு. ஆகவே அதற்குப் பில் போட யாருக்கும் தோன்றவில்லை. தோன்றியிருந்தாலும் யார் பெயரில் போடுவது? செலவு முழுக்க ஆராய்ச்சிப் பணத்தில் கழிந்தது. கிடைத்த பலன் பெரிது. 400 மில்லிகிராம் ஐசோனயசிடை இரண்டாகப் பிரித்துக் காலையும் மாலையும் கொடுப்பதைவிட, ஒரே வேளையில் கொடுப்பதே நல்லது என்று சென்னை ஆய்வுகள் காட்டின. ரத்தத்தில் மருந்து எட்டும் உச்சம் முக்கியம் என்பது அதன் உட்பொருள். ஐசோனயசிடை விரைவாகச் சிதைக்கும் உடல்வாகு உள்ளவர்களுக்கு வாரம் ஒருமுறை மட்டும் மருந்து கொடுக்கும் முறை அவ்வளவாகப் பலிப்பதில்லை என்பதும் அங்கேதான் தெளிவானது. சிலரின் ரத்தத்தைத் துருவிப் பார்த்து, எல்லோருக்கும் பொருந்தும் ஒரு டோஸை வகுத்துவிட்டார்கள். அதன் பிறகு பள்ளிப்பட்டில் ஒரு நெசவாளிக்குக் காசநோய் வந்தால், அவர் ரத்தத்தை அளக்காமலே அட்டவணைப்படி மாத்திரை கொடுக்கலாம் என்றாயிற்று. 1962-இல் தொடங்கிய தேசியக் காசநோய்த் திட்டம் இப்படி வகுத்த டோஸை நம்பித்தான் நாடெங்கும் பரவியது. ஓர் ஏழை நாட்டுக்கு இதைவிடச் சிக்கனமான வழி இருந்திருக்க முடியாது.

அந்தச் சிக்கனம் தன்னோடு ஒரு பழக்கத்தையும் கொண்டுவந்தது. ரத்தத்தில் மருந்தை அளப்பது ஆராய்ச்சிக்காரர் வேலை, நோயாளியின் சிகிச்சையில் அதற்கு இடமில்லை என்பது எழுதப்படாத விதி ஆனது. காசநோய் மாத்திரைகளைப் பொறுத்தவரை அந்த விதி ஓரளவு சரி. அதே சமயத்தில் உலகின் ஆஸ்பத்திரிகளுக்குள் வேறு வகை ஆன்டிபயாடிக்குகள் நுழைந்துகொண்டிருந்தன. வான்கோமைசின் அமெரிக்காவில் 1958-இல் அனுமதி பெற்றது. ஜென்டாமைசின் 1963-இல் வெளிவந்தது. அமிக்காசின் 1970களில் வந்தது. இவை மாதக்கணக்கில் வீட்டில் வைத்துச் சாப்பிடும் மருந்துகள் இல்லை. ஆபத்தான கட்டத்தில் ஒவ்வொரு நாளும் முடிவெடுத்து ஏற்றும் ஊசிகள். ஒரு கூட்டத்தின் சராசரி இங்கே போதாது, கட்டிலில் கிடக்கும் இந்த ஒருவருடைய எண் வேண்டும், அதுவும் இன்றே வேண்டும்.

அந்த வேகத்தைக் கொடுத்தது நோயெதிர்ப்பு வேதியியல். ரோசலின் யாலோவும் சாலமன் பெர்சனும் 1950களின் இறுதியில் இன்சுலினை அளக்க உருவாக்கிய கதிரியக்க முறை மருந்துகளுக்கும் பொருந்தியது. யாலோ 1977-இல் நோபல் பரிசு பெற்றார். பிறகு கதிரியக்கம் தேவைப்படாத முறைகள் வந்தன. சிவா நிறுவனத்தின் எமிட் முறையும், 1981-இல் அபாட் நிறுவனம் கொண்டுவந்த டிடிஎக்ஸ் கருவியும் சில நிமிடங்களில் விடை சொல்லின. ஆனால் குழாயும் அகரும் செய்த வேலையைக் கம்பெனிக் கிட் ஏற்றுக்கொண்டதும் செலவின் தன்மை தலைகீழானது. கிட்டுக்குக் காலாவதித் தேதி உண்டு. அளவுத்திருத்தத்துக்கும் தரக்கட்டுப்பாட்டுக்கும் ஒவ்வொரு முறையும் கொஞ்சம் ரீஏஜென்ட் செலவாகும். நாளைக்கு ஐம்பது சாம்பிள் வரும் லேபில் இது பெரிதாகத் தெரியாது. மாதத்துக்கு இரண்டு சாம்பிள் வரும் இடத்தில் கிட்டின் பெரும்பகுதி வீணாகி, அந்தச் செலவு முழுவதும் இரண்டு நோயாளிகளின் தலையில் விழும். இல்லையென்றால், பத்து சாம்பிள் சேரும் வரை மெஷினை ஓட்டாமல் காத்திருக்க வேண்டும். காத்திருந்தால் சோதனை எதற்காக வந்ததோ அந்தக் காரணமே அடிபட்டுப்போகும். சின்ன ஊரின் சிக்கலை இந்தக் கணக்கு ஒன்றே விளக்கிவிடும் என்று தோன்றலாம். அப்படியா என்பதற்கு அமெரிக்கா ஒரு பதில் வைத்திருக்கிறது.

அங்கே மருத்துவர் செய்யும் ஒவ்வொரு வேலைக்கும் குறியீட்டு எண் உண்டு. அமெரிக்க மருத்துவச் சங்கம் 1966-இல் தொடங்கிய சிபிடி பட்டியலில் இன்று வான்கோமைசின் அளவுக்கு 80202, ஜென்டாமைசினுக்கு 80170, அமிக்காசினுக்கு 80150. எண் இருந்தால் பில் போடலாம், பில் போட்டால் காப்பீட்டிலிருந்து பணம் வரும், பணம் வரும் என்றால் லேப் கருவி வாங்கும். முதியோருக்கான மெடிகேர் திட்டம் 1983-இல், உள்நோயாளிக்கு நோயின் வகைப்படி ஒட்டுமொத்தத் தொகை என்று மாற்றியது. மறு ஆண்டே, வெளிநோயாளிகளின் லேப் சோதனைகளுக்குத் தனிக் கட்டண அட்டவணை வந்தது. இப்படியாக ஒரே ரத்தச் சோதனை, வார்டுக்குள் செய்தால் ஆஸ்பத்திரிக்குச் செலவு, வாசலுக்கு வெளியே செய்தால் லேபுக்கு வரவு என்ற இரட்டை வாழ்க்கை வாழத் தொடங்கியது. சோதனையின் விஞ்ஞானம் அந்த ஓராண்டில் துளியும் மாறவில்லை. அதைச் செய்வதால் யாருக்கு லாபம் என்பது மட்டும் இடம் மாறியது. ஆஸ்பத்திரி நிர்வாகங்கள் அதுவரை வருமானமாகப் பார்த்த லேபைச் செலவுத்துறையாகப் பார்க்கத் தொடங்கிய காலம் அதுதான்.

தமிழ்நாடு இந்த வரிசையைப் பாதியிலிருந்து தொடங்கியது. ஒவ்வொரு சோதனைக்கும் தனிப் பில் போட்டுக் காப்பீட்டில் வாங்கும் கட்டம் இங்கே பரவலாக வரவே இல்லை. 2007-இல் ஆந்திரம் ஆரோக்கியஸ்ரீ காப்பீட்டுத் திட்டத்தைத் தொடங்கியது. தமிழ்நாட்டில் 2009-இல் கலைஞர் காப்பீட்டுத் திட்டமும், 2012-இல் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டமும் வந்தன. பள்ளிப்பட்டுக்கு இந்த இரு மாநிலப் பட்டியல்களும் பக்கத்துப் பக்கத்தில்தான். ம.பொ.சி. தலைமையில் நடந்த வடக்கெல்லைப் போராட்டமும் பட்டாஸ்கர் பரிந்துரையும் முடிந்து, 1960 ஏப்ரல் 1 அன்று திருத்தணியோடு இந்தப் பகுதி சென்னை மாநிலத்துக்கு வந்தது. பஸ் ஏறினால் நகரியும் திருப்பதியும் கைக்கெட்டும் தூரம். ஆனால் மாநிலக் காப்பீட்டு அட்டை எந்த அரசினுடையதோ அந்த அரசின் பட்டியல்தான் அதற்குப் பேசும். தமிழ்நாட்டின் 2012 திட்டம் 1,016 சிகிச்சைகள், 113 தொடர் சிகிச்சைகள், 23 நோயறி முறைகள் என்ற கணக்கோடு தொடங்கியது. ஒவ்வொரு சிகிச்சைக்கும் ஒரு பேக்கேஜ் தொகை. படுக்கை, டாக்டர், மருந்து, சோதனை எல்லாம் அதற்குள் அடக்கம். ஏழைக் குடும்பம் கடனில் விழாமல் காத்ததில் இந்த ஏற்பாட்டுக்குப் பெரும் பங்கு உண்டு. அதைக் குறைத்துச் சொல்ல முடியாது. ஆனால் பேக்கேஜுக்குள் இருக்கும் ஆஸ்பத்திரிக்கு ஒவ்வொரு கூடுதல் சோதனையும் கையிலிருந்து போகும் பணம். அறுவைச் சிகிச்சைக்குப் பின் புண்ணில் கிருமி வந்து, பத்து நாள் வான்கோமைசின் ஏற்ற நேர்ந்தால், அதற்கான அளவுச் சோதனை பேக்கேஜை வகுத்தவர் மனத்தில் இருந்திருக்க வாய்ப்புக் குறைவு. அதைச் செய்யாமல் விட்டாலும் பில்லில் தெரியாது, செய்தாலும் தெரியாது. பணம் வாங்கிச் செய்யும் மருத்துவம் நுகர்வோர் சட்டத்துக்குள் வரும் என்று 1995-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னபோது, பில் என்பது நோயாளி கையில் இருக்கும் சாட்சி ஆனது. ஒற்றை வரியில் ஒட்டுமொத்தத் தொகை எழுதிய பில்லுக்கு எதற்கும் சாட்சி சொல்லத் தெரியாது.

பில்லே இல்லாத அரசு ஆஸ்பத்திரியில் இந்தப் பிரச்சினை எழக் கூடாது என்று ஒருவர் கேட்கலாம். இலவசம் என்றால் நோயாளிக்குக் கணக்கில்லை என்று பொருள். ஆஸ்பத்திரிக்குக் கணக்கு உண்டு. 1994-இல் உருவான தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம், மாநிலம் முழுவதற்கும் மருந்தை மொத்தமாக டெண்டர் விட்டு வாங்கி, கிடங்குகள் வழியாக ஆஸ்பத்திரிகளுக்கு அனுப்பும் முறையை நிறுவியது. பிற மாநிலங்கள் பார்த்துப் பின்பற்றிய முறை அது. மருந்துக்கு இன்டென்ட் போட்டால் மருந்து வரும். அந்த மருந்தைப் பத்திரமாகக் கொடுக்கத் தேவையான சோதனை வேறு தலைப்பு, வேறு இன்டென்ட், வேறு முடிவு. தாலுகா ஆஸ்பத்திரி அமிக்காசின் ஊசியைக் கையில் வைத்திருக்க முடியும், ரத்தத்தில் அதன் அளவைப் பார்க்க முடியாது என்ற நிலை யாரும் திட்டமிட்டு உருவாக்கியதில்லை. இரண்டு தலைப்புகளை ஒருவரும் சேர்த்துப் பார்க்காததால் வந்த நிலை. அதனால் சோதனை தேவைப்படும்போது தனியார் வழிதான் மிச்சம். சின்ன ஊர்களில் பெரிய லேப்களின் கலெக்‌ஷன் சென்டர்கள் ரத்தம் வாங்கி, சீரம் பிரித்து, குளிர்பெட்டியில் வைத்து நகரத்துக்கு அனுப்புகின்றன. ரிப்போர்ட் போனுக்கு வந்துவிடும். ஆனால் சாம்பிள் பள்ளிப்பட்டிலிருந்து திருத்தணி வழியாகச் சென்னை போய் மெஷினில் ஏறும் நேரத்தையும், அடுத்த டோஸ் ஏற வேண்டிய நேரத்தையும் அருகருகே வைத்துப் பார்த்தால், முதலாவது ஜெயிப்பது அபூர்வம்.

இந்த வாதத்துக்கு வரும் முதல் மறுப்பு மருத்துவர்களுடையதாக இருக்கும்: சோதனை இல்லாமலே பெரும்பாலான நோயாளிகள் நன்றாகத்தானே தேறுகிறார்கள்? அதில் உண்மை இருக்கிறது. இரண்டு மூன்று நாள் ஜென்டாமைசினுக்கு யாரும் அளவு பார்க்க வேண்டியதில்லை. நாளுக்கு ஒரு டோஸ் என்ற முறை 1990களில் பரவிய பின் ஆபத்து இன்னும் குறைந்தது. மலிவான கிரியேட்டினின் சோதனை சிறுநீரகத்தின் நிலையை ஓரளவு சொல்லிவிடும். ஆனால் கிரியேட்டினின் ஏறுவது சேதம் தொடங்கிய பிறகு. காது போவதை அது சொல்லவே சொல்லாது. மருந்து எதிர்ப்புக் காசநோய்க்கு மாதக்கணக்கில் கனமைசின் ஊசி போட்டுக்கொண்டவர்கள் பலர் கேட்கும் திறனை இழந்ததும், 2018-இல் உலக சுகாதார நிறுவனம் அந்த ஊசியைக் கைவிடச் சொன்னதும் அண்மை வரலாறு. ஆகவே எல்லோருக்கும் சோதனை என்று யாரும் கேட்கவில்லை. நீண்ட நாள் ஊசி, தளர்ந்த சிறுநீரகம், குழந்தை, உயிருக்குப் போராடும் நிலை என்ற சிறு வட்டத்துக்குள் இருப்பவர்களுக்கு அது வேண்டும். அவர்களை அடையாளம் காண்பது டாக்டருக்குக் கடினமில்லை. அடையாளம் கண்ட பிறகு செலவை எங்கே எழுதுவது என்று தெரியாமல்தான் விஷயம் நிற்கிறது.

இரண்டாவது மறுப்பு கணக்குப் பார்ப்பவர்களுடையது. சோதனைக்குத் தனித் தொகை என்று அறிவித்தால், தேவை இருக்கிறதோ இல்லையோ எல்லோருக்கும் ரத்தம் எடுப்பார்கள். பேக்கேஜ் முறை வந்ததே அந்தக் கொள்ளையைத் தடுக்கத்தானே? இந்த அச்சம் வீணானதில்லை. ஒவ்வொரு வேலைக்கும் தனிப் பில் என்ற ஏற்பாடு தேவையற்ற சோதனைகளைப் பெருக்கும் என்பதற்கு அமெரிக்க அனுபவமே போதும். போதாக்குறைக்கு, வான்கோமைசினுக்கு ஒரு எண் போதாது, நாள் முழுவதும் ரத்தத்தில் இருக்கும் மொத்த அளவைக் கணிக்க வேண்டும் என்று 2020-இல் அமெரிக்க மருத்துவ அமைப்புகள் வழிகாட்டுதலை மாற்றின. அதற்குச் சில சமயம் இரண்டு சாம்பிள் வேண்டும், பில்லும் இரட்டிக்கும். எனவே வரம்பில்லாத அனுமதி கொடுக்க வேண்டாம். இன்ன மருந்து, இத்தனை நாளுக்கு மேல், இன்ன நிலை என்றால் மட்டும் என்று வரையறுத்துக் கொடுக்கலாம். மருந்துக்கே இப்படி நிபந்தனை வைத்துத்தான் காப்பீட்டுத் திட்டங்கள் அனுமதி தருகின்றன. சோதனைக்கு மட்டும் அது முடியாது என்பதற்குக் காரணம் இல்லை.

மூன்றாவது மறுப்புத்தான் கனமானது. கிட் கணக்கை முன்னால் நானே சொன்னேன்; சாம்பிள் குறைவான ஊரில் இந்தச் சோதனை கட்டுப்படியாகாது என்பது இயற்கை, இதில் பில்லை ஏன் குறை சொல்ல வேண்டும்? இதற்கு நம் கண்முன் இருக்கும் இரண்டு உதாரணங்கள் பதில் சொல்கின்றன. 2004 ஏப்ரல் 1 அன்று தாம்பரம் உள்ளிட்ட சில மையங்களில் அரசு இலவச எச்ஐவி மருந்தைக் கொடுக்கத் தொடங்கியது. அந்தத் திட்டத்தில் மருந்தோடு, நோயெதிர்ப்பு அணுக்களை எண்ணும் சிடி4 சோதனையும் சேர்ந்தே வளர்ந்தது. மருந்து வாங்குபவருக்குச் சோதனை உண்டு என்பது திட்டத்தின் பகுதி, தனிப் பேரம் கிடையாது. அடுத்தது காசநோய்க் கிருமியையும் அதன் மருந்து எதிர்ப்பையும் கண்டறியும் சிபிநாட், ட்ரூநாட் கருவிகள். விலை கூடிய கார்ட்ரிட்ஜ், மின்சாரம், பயிற்சி பெற்ற ஆள் எல்லாம் அவற்றுக்கும் வேண்டும்; சாம்பிள் எண்ணிக்கையும் எல்லா ஊரிலும் ஒரே மாதிரி இராது. இருந்தும் அவை மாவட்டத் தலைநகரைத் தாண்டி இறங்கி வந்தன. காசநோய் ஒழிப்புத் திட்டத்தின் கணக்கில் அவற்றுக்கு ஒரு தலைப்பு இருந்ததே காரணம். சென்னை மையத்தின் கண்ணாடிக் குழாய்க்கு 1950களில் ஆராய்ச்சிப் பணம் செய்த உதவியை, இந்தக் கருவிகளுக்குத் திட்டப் பணம் செய்தது. கட்டுப்படியாகும், ஆகாது என்பது விலையை யார் மேல் எழுதுகிறோம் என்பதைப் பொறுத்தே முடிவாகிறது. மாநிலம் முழுவதற்கும் ஒரே கணக்கு என்று வைத்தால், மாவட்டத்துக்கு ஒரு கருவி ஓடும் அளவுக்குச் சாம்பிள் சேர்வது கடினமில்லை. பள்ளிப்பட்டின் மாவட்டத் தலைநகரான திருவள்ளூரில் அரசு மருத்துவக் கல்லூரியே 2022-இல் வந்துவிட்டது. அங்கே ஒரு மெஷின் ஓடினால், பள்ளிப்பட்டின் சாம்பிள் சென்னைப் போக்குவரத்துக்குள் சிக்க வேண்டியதில்லை.

நம் ஏற்பாட்டின் கோணல் ஒரே இடத்தில் பளிச்சென்று தெரிய வேண்டுமானால் விலைக் கட்டுப்பாட்டைப் பார்க்கலாம். வான்கோமைசின், ஜென்டாமைசின், அமிக்காசின் மூன்றும் தேசிய அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் இருப்பவை. 2013-ஆம் ஆண்டின் மருந்து விலைக் கட்டுப்பாட்டு ஆணைப்படி அவற்றின் உச்ச விலையை அரசு நிர்ணயிக்கிறது. அதே மருந்தின் அளவைப் பார்க்கும் சோதனைக்கு அப்படிப் பொதுவான உச்ச விலை இல்லை. லேபுக்கு லேப் மாறும். சோதனை விலையை அரசால் கட்டுப்படுத்த முடியாது என்று சொல்லவும் முடியாது. 2020 மார்ச்சில் தனியார் லேப்களின் கொரோனா சோதனைக்கு 4,500 ரூபாய் என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் உச்சவரம்பு வைத்தது; மாநிலங்கள் பிறகு அதைப் படிப்படியாகக் குறைத்தன, லேப்கள் மூடிவிடவில்லை. தேவை எல்லோர் வாசலுக்கும் வந்தபோது சாத்தியமானது, சிறுநீரகம் தளர்ந்த சிலருக்குச் சாத்தியமில்லாமல் இருப்பது அவர்களுடைய எண்ணிக்கை குறைவு என்பதால் மட்டுமே.

இந்த வரலாற்றிலிருந்து எடுத்துக்கொள்ளக்கூடிய முடிவு எளிமையானது. ரத்தத்தில் அளவு பார்க்காமல் நீண்ட நாள் கொடுக்கக் கூடாத மருந்து என்று ஒன்று இருக்குமானால், சோதனைச் செலவையும் அந்த மருந்தின் செலவிலேயே சேர்த்து எழுத வேண்டும். தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகத்தின் கொள்முதலில் ஊசிக் குப்பியும் அளவுச் சோதனைக்கான தொகையும் ஒரே இன்டென்டில் வரட்டும். காப்பீட்டுப் பேக்கேஜில் வரையறுத்த நிலைகளுக்கு இந்தச் சோதனை தனி வரியாக ஏறட்டும். தனியார் பில்லிலும் அதன் பெயரும் நேரமும் தெரியட்டும். ஒரு மாநிலம் முழுவதும் கூடினாலும் இதற்கு ஆகும் பணம், அரசின் மருந்துக் கொள்முதலில் ஒரு சிறு பங்கைத் தாண்டாது. 1956-இல் தொடங்கிய சென்னை மையம், சிலரின் ரத்தத்தை அளந்து எல்லோருக்கும் ஒரு டோஸைக் கொடுத்தது. அந்தப் பொது டோஸ் பொருந்தாத சிலருக்கு என்ன செய்வது என்ற கேள்விக்கு அன்று வழியில்லை. இன்று கருவி இருக்கிறது, பாதை இருக்கிறது, மாவட்டத்தில் மருத்துவக் கல்லூரி இருக்கிறது. மிச்சம் இருப்பது ஒரு கணக்குத் தலைப்பும் அதைத் திறக்க ஓர் அரசாணையும்தான்.